அச்சுக்கு ஒரு பூட்டு

மழை விட்ட மறுநாள் ஏரிக்கரைச் சேற்றிலோ ஆற்று மணலிலோ சிக்கிக்கொண்ட ஜீப் ஒன்றைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு ஒரு விந்தை புலப்பட்டிருக்கும். ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, பின்புறத்துச் சக்கரங்களில் ஒன்று மாத்திரம் ஆவேசம் வந்தாற்போலச் சுழன்று சேற்றை வாரி இறைக்க, கெட்டித் தரையில் ஊன்றி நிற்கும் மற்றொன்று, தனக்கும் அந்தப் பாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாததுபோல அசையாமல் நிற்கும். பிடிப்பில்லாத சக்கரத்துக்கு ஓட்டமும் பிடிப்புள்ள சக்கரத்துக்கு ஓய்வும் அளிக்கும் இந்த ஏற்பாடு, யந்திரத்தைச் செய்தவனுடைய மதிகேடு என்றே முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் நல்ல சாலையில் நம்மைச் சுகமாகத் திருப்பிக் கொண்டுபோகிற அதே குணந்தான் சேற்றில் இப்படி விபரீதமாக வெளிப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள, நாம் மாட்டு வண்டியிலிருந்து தொடங்கவேண்டும்.

மாட்டு வண்டியின் அச்சு வண்டிப் பாரோடு அசையாமல் பிணைந்து கிடக்க, இரண்டு சக்கரங்களும் தத்தம் குடத்தால் அதைச் சுற்றித் தனித்தனியே உருள்கின்றன. அவை கழன்றுவிடாமல் காப்பது முனையில் செருகிய கடையாணி. தெருமுனையில் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் அதிக தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் செல்லவேண்டியிருக்க, ஒன்றுக்கொன்று கட்டுப்படாதவையாதலால் இரண்டும் தத்தம் வழியை அளந்துகொண்டு போய்விடுகின்றன. இந்த வேற்றுமை எவ்வளவு என்று கணக்கிட்டால் ஒரு சுவையான விஷயம் வெளிப்படும். சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி ஒரு முழுவட்டம் சுற்றி வருகையில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. அந்த வட்டம் ஒரு களத்துமேட்டின் அளவாயினும் சரி, ஊரையே வளைத்து வரும் அளவாயினும் சரி, இந்த 9.4 மாறுவதில்லை. செங்கோணமான ஒரு தெருத் திருப்பத்தில், அதாவது கால்வட்டத்தில், வேற்றுமை 2.35 மீட்டர். 29 அங்குல விட்டமுள்ள ஜீப் டயரின் சுற்றளவும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆகவே ஒவ்வொரு தெருமுனையிலும் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஒரு முழுச் சுற்று அதிகம் சுழன்றே தீரவேண்டும்.

வண்டியை மாடு இழுக்கும்வரை இது ஒரு தொல்லையாகவே இல்லை. யந்திரமானது சக்கரத்தையே பற்றித் திருகி வண்டியை உந்தத் தலைப்பட்ட பிறகுதான், இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைக் கொடுக்கவும் வேண்டும், இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடவும் கூடாது என்ற சங்கடம் பிறந்தது. நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்குப் பரிகாரம் கண்டு 1827இல் காப்புரிமை பெற்றவர் ஒனெஸிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர். இன்று டிபரன்ஷியல் என்று வழங்குவது அதுவே. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள பினியன் என்ற சிறிய பற்சக்கரம், கிரௌன் என்ற பெரிய பற்சக்கரத்தைத் திருப்புகிறது. கிரௌனோடு முடுக்கப்பட்ட ஒரு கூடு உடன் சுழல்கிறது. கூட்டுக்குள் குறுக்குத் தண்டில் கோத்த சிறு பற்சக்கரங்கள், இடமும் வலமுமாக அமைந்த இரண்டு பற்சக்கரங்களோடு பல்லுக்குப் பல் கோத்து நிற்கின்றன. அவ்விரண்டிலிருந்தும் புறப்படும் ஆக்ஸில் தண்டுகள் டயர்களைத் திருப்புகின்றன.

இதை விளக்க நுகத்தடியைவிடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாடுகளின் கழுத்தில் கிடக்கும் நுகத்தடி, நடுவே ஒரே ஓர் ஆணியில் ஏர்க்காலோடு பிணைக்கப்பட்டு, அந்த ஆணியைச் சுற்றித் தாராளமாகத் திரும்பக்கூடியதாக இருக்கிறது என்று கொள்வோம். திருப்பத்தில் ஒரு மாடு முந்தலாம், மற்றது பிந்தலாம். நுகம் சாய்ந்து கொடுக்கும். ஆனால் இரண்டில் ஒன்று இழுக்க மாட்டாமல் பின்வாங்கிவிட்டால், எஞ்சிய மாடு எவ்வளவு பலசாலியாயினும், நுகம் அதன் பக்கமாகச் சுழன்றுவிடுமேயன்றி வண்டி நகராது. பலசாலியின் இழுப்பு, பலவீனனின் இழுப்புக்குச் சமமான அளவுக்குத்தான் பயன்படும். டிபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் அந்த நுகத்தடியேதான். அவை இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே பங்கிடும். வேகத்தை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறுபட அனுமதிக்கும். பிடிப்பில்லாத சக்கரம் சுழலுவதற்கு எவ்வளவு சிறிய விசை போதுமோ, அவ்வளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும்.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். இரண்டு டன் எடையுள்ள ஜீப்பின் பின்சக்கரம் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்குகிறது. ஒன்று வழுக்கும் களிமண்ணிலும் மற்றொன்று உலர்ந்த பாறையிலும் நிற்கிறது. களிமண் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ அளவுக்கு உந்து விசையைத் தாங்கும். பாறையோ 400 கிலோ வரை தாங்கும். சாதாரண டிபரன்ஷியலோ இரண்டு பக்கமும் 50, 50 என்று ஆக 100 கிலோவோடு கணக்கை முடித்துவிடுகிறது. ஆறுக்கு ஒன்று என்ற சரிவில் ஏற இந்த ஜீப்புக்கு 330 கிலோவுக்கு மேல் உந்துவிசை வேண்டும். ஆகையால் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன் அச்சிலும் இதே கதைதான். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்வதாகப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வாகனம்கூட, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, மூலைக்கு மூலை இரண்டு சக்கரங்கள் பள்ளத்தின் மேல் தொங்கத் தொடங்கியதும் செயலற்றுப் போகிறது.

நுகத்தடி திரும்பாதபடி அதை ஏர்க்காலோடு இறுக்கிக் கட்டிவிட்டால்? டிபரன்ஷியல் லாக் என்பதன் முழு ரகசியமும் அதுதான். கூட்டையும் ஒரு பக்கத்துப் பற்சக்கரத்தையும் ஒரு பல்வளையத்தால் இணைத்துவிட்டால், நடுவிலுள்ள சிறு பற்சக்கரங்கள் சுழல வழியின்றி உறைந்துபோக, இடம் வலம் இரண்டு தண்டுகளும் ஒரே இரும்புத் தண்டுபோல ஒரே வேகத்தில் சுழலும். இப்போது களிமண் தன் 50 கிலோவையும் பாறை தன் 400 கிலோவையும் தனித்தனியே கொடுக்க, வண்டி மேலேறுகிறது. எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இதற்குப் பாதி வழி உபாயங்களும் பல உண்டு. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் சக்கரங்கள் வீணே சுழல்வதைக் கண்ட ஃபெர்டினாண்ட் போர்ஷே, ஜெர்மனியின் ஜெட்.எஃப். நிறுவனத்தின் துணையை நாட, வேக வேற்றுமையை ஓரளவுக்குமேல் விடாத டிபரன்ஷியல் அங்கே உருவாயிற்று. பிற்காலத்தில் தட்டுத் தட்டாக உராயும் கிளட்ச்சுகளை உள்ளே வைத்தவை வந்தன. இன்றைய வாகனங்கள் பலவற்றில், சுழலும் சக்கரத்தைக் கணிப்பொறி கண்டுபிடித்து அதன் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. வழுக்கும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஒரு தடை கிடைக்கவே, சமபங்கு விதியின்படி மற்றச் சக்கரத்துக்கும் அதே அளவு விசை போய்ச் சேருகிறது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும் வண்டிகளின் ஓட்டுநர்கள் இதே காரியத்தைக் கணிப்பொறி வண்டிக்குள் வருவதற்கு முன்பே, ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சாதித்தார்கள். நம் நாட்டில் 2020இல் புதிய உருவில் வந்த மஹிந்திரா தாரின் சில வகைகளில், இரு சக்கரங்களின் வேகம் ஓர் அளவுக்குமேல் வேறுபட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியல் பின் அச்சில் இருக்கிறது. ஆயினும் ஓட்டுகிறவர் விரும்பியபோது பூட்டவும் விரும்பியபோது திறக்கவும் கூடிய பூட்டே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ஏ.ஆர்.பி. நிறுவனம் 1980களிலிருந்து விற்றுவரும் ஏர் லாக்கர் இந்த ஜாதியைச் சேர்ந்தது: பொத்தானை அமுக்கினால் ஒரு சிறு கம்ப்ரெஸரின் காற்று பல்வளையத்தைத் தள்ளிப் பூட்டும், காற்றை விட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

தார்ச்சாலையில் பூட்டைத் திறக்க மறந்தவர்களுக்கு நாம் முன்பு போட்ட 2.35 மீட்டர் கணக்கு நினைவூட்டப்படும். அந்தத் தூரத்தை ஏதாவது ஒரு டயர் தேய்ந்து கழிக்கவேண்டும், அல்லது ஏதாவது ஒரு தண்டு முறுகி விடவேண்டும்.

இனி டயரைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் ருபிகான் தடம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளந்தான்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊற்று நீரை நாடிச் சென்றவர்களைச் சுமந்து குதிரை வண்டிகள் போன வழி, இன்று ஆட்டுக்கல் அளவிலிருந்து ஆளுயரம் வரையுள்ள கருங்கற்கள் தாறுமாறாகக் கிடக்கும் படுகையாக இருக்கிறது. 1953 முதல் ஆண்டுதோறும் ஜீப்புகள் கூட்டமாக இதைக் கடக்கும் விழா நடந்துவருகிறது. இத்தகைய தடத்தில் வண்டியின் விதியை நிர்ணயிப்பது, அச்சின் நடுவே பூசணிக்காய்போலத் தொங்கும் டிபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் உயரும்; முழு அச்சு கொண்ட வாகனத்தில் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தவல்லது டயர் ஒன்றே. 29 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குல டயரை மாட்டினால் உருண்டை இரண்டு அங்குலம் மேலேறும். தவிரவும், பெரிய சக்கரம் கல்லில் மோதும்போது செங்குத்தாக முட்டாமல் சாய்வாக ஏறுகிறது. குழியில் அதிகம் இறங்காமல் மேலோடு கடந்துவிடுகிறது. மாட்டு வண்டிக்கு மார்பளவு உயரச் சக்கரம் வைத்த தச்சர்கள் இதை ஒரு சூத்திரமும் எழுதாமலே அறிந்திருந்தார்கள்.

ஆனால் டயர்க் கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. சக்கரத்தின் விட்டம் கூடும்போது, எஞ்சின் தரும் அதே முறுக்கு விசை நீண்ட ஆரத்தின் முனையில் போய்த் தரையைத் தள்ளுவதால், உந்துவிசை 29க்கு 33 என்ற விகிதத்தில், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு, குறைந்துபோகிறது. மேட்டில் கியர் இழுக்காமல் திணறும். பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் தளர்கிறது. மலையிறக்கத்தில் இது விளையாட்டல்ல. ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 91இல் போய்க்கொண்டிருக்கும். பெரிய டயர் என்பதே சுழற்சியில் கனமாகிவிடும் என்று பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. ஓரத்தில் எடை குவிந்த சக்கரத்தின் ஆரம் எதுவாயினும், உருண்டு வேகமெடுக்கையில் அது தன் எடையைப்போல் இருமடங்காக உணரப்படும் என்பதே பௌதிகம். ஆகையால் தொல்லை கொடுப்பது விட்டமல்ல, எடை: டயர் ஒன்றுக்குப் பத்து கிலோ கூடினால், முடுக்குவதற்கும் நிறுத்துவதற்கும் அது இருபது கிலோவுக்கு நெருங்கிய சுமை, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற சுமையாதலால், மேடுபள்ளத்தில் ஷாக் அப்சார்பரை ஓயாமல் வதைக்கும்.

இழந்த உந்துவிசையை மீட்க வழி, கிரௌன் பினியனை மாற்றுவது. பினியன் 4.10 தடவை சுற்றினால் கிரௌன் ஒரு தடவை சுற்றும் ஜோடி இருந்ததென்றால், 4.10ஐ 33ஆல் பெருக்கி 29ஆல் வகுக்க வரும் 4.67க்கு அண்மையிலுள்ள 4.56 அல்லது 4.88 ஜோடியைப் பொருத்தவேண்டும். லாக் பொருத்துவதற்கும் அதே டிபரன்ஷியலைத்தான் பிரிக்கவேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே தடவையில் செய்கிறவன் கூலியில் பாதியை மிச்சப்படுத்துகிறான். பற்களுக்கு இடையே விடவேண்டிய நூலிழை இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் வண்ணம் தடவிச் சுவடு பார்த்துப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் கிடைக்கவேண்டும் என்பது வேறு விஷயம். தெரியாதவர் கைபட்டால் அந்த ஜோடி சில நூறு கிலோமீட்டரிலேயே ஊளையிடத் தொடங்கிவிடும்.

வாகனத்தைச் செய்யும் ஆலைகளே இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. ஜீப் நிறுவனம் மேற்சொன்ன தடத்தின் பெயரையே சூட்டி 2003இல் வெளியிட்ட ராங்லர் ருபிகானில், 31 அங்குல டயரோடு முன்னும் பின்னும் பூட்டுகளும், இரு முனையிலும் வழக்கத்தைவிடப் பருத்த ஆக்ஸில்களும், நான்குக்கு ஒன்று என்ற தாழ்ந்த கியரும் சேர்ந்தே வந்தன. கையால் கியர் மாற்றும் வகையில் எல்லாப் பற்சக்கரங்களின் விகிதத்தையும் பெருக்கினால் அறுபதுக்கு மேல் வரும். அதாவது எஞ்சின் அறுபது சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் மெதுவாக நின்றோடும் நிலையில் அது மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் சுமாருக்குத்தான் ஊரும்; மூட்டுவலிக்காரர்கூட அதை முந்தி நடப்பார். பாறைமீது அந்த நிதானமே பாதுகாப்பு. 2021இல் அதே வாகனத்துக்கு 35 அங்குல டயரை ஆலையிலேயே மாட்டித்தர முன்வந்தபோது, 4.10 ஜோடியை 4.56 ஆக்கினார்கள், உடலை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். மிகையாகக் கனக்கும் ஸ்டெப்னியைத் தாங்கவேண்டிய பின்கதவின் கீலைக்கூட வலுவாக்கினார்கள். டயரை மாற்றப் போய்க் கதவுக் கீலில் வந்து நின்றது காரியம்.

எல்லாவற்றிலும் அபாயகரமான கடன் ஆக்ஸில் தண்டின் தலையில் விழுகிறது. பாறைமேல் நின்ற சக்கரத்தின் தண்டு முன்பு 50 கிலோ உந்துவிசைக்குரிய முறுக்கை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. பூட்டு விழுந்ததும் 400 கிலோவுக்குரியது, அதாவது எட்டு மடங்கு, அதன் ஒன்றன்மேலேயே இறங்குகிறது. டயரின் ஆரமும் நீண்டிருந்தால் அதற்குமேல் இன்னும் நூற்றுக்குப் பதினான்கு பங்கு. பலவீனமான டிபரன்ஷியல், அறிந்தோ அறியாமலோ, தண்டுக்கு ஒரு காவலாக இருந்துவந்தது; சக்கரம் வழுக்கிவிடுவதால் தண்டு பிழைத்தது. காவலை நீக்கியவர் தண்டைப் பருமனாக்கவும் கடமைப்பட்டவர். முன் அச்சில் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு, பூட்டையும் போட்டு, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிப்பவருக்கு, வளைந்து நிற்கும் மூட்டு துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையோடு பதில் சொல்லும்.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வாகனத்தின் எடைமையம் தரையிலிருந்து 70 செண்டிமீட்டரில் இருந்தால், ஏட்டுக் கணக்குப்படி அது 47 பாகை சாயும்வரை கவிழாது. டயரும் ஸ்பிரிங்குமாகச் சேர்ந்து மையத்தைப் 10 செண்டிமீட்டர் உயர்த்திவிட்டால் எல்லை 43 பாகையாகக் குறைகிறது. உண்மையில் ஸ்பிரிங்குகள் ஒருபக்கம் அமுங்கும், டயர் பிதுங்கும். ஆகவே கவிழும் கணம் ஏடு சொல்வதற்கு வெகு முன்பே வரும். நாற்கரச் சாலையில் திடீரென்று குறுக்கே வந்த ஆட்டுக்காக ஸ்டீயரிங்கை ஒடிக்கிறவருக்கு அந்த நான்கு பாகை பெரிய விஷயம்.

இத்தனை பாடும் படாமலே கிடைக்கிற லாபம் ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு அநியாயம் செய்தவனாவேன். 500 கிலோ தாங்கும் டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு சுமார் 240 சதுர செண்டிமீட்டர். காற்றைப் 15 பவுண்டாகக் குறைத்தால், டயரின் விறைப்பைத் தள்ளிவிட்டுப் பார்க்கையில், அது ஏறத்தாழ இரட்டிக்கிறது. அந்தக் கூடுதல் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் விரிவதால், மணலில் வண்டி புதையாமல் ஒட்டகத்தின் பாதம்போல மேலாக நடக்கிறது. கல்லின் உருவத்துக்கு டயர் வளைந்து அதைக் கவ்விக்கொள்கிறது. செலவு ஒரு காசும் இல்லை. தடம் முடிந்ததும் மறுபடி காற்றடிக்க ஒரு சிறு பம்பு வேண்டும், அவ்வளவுதான். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடித்துவிடும்.

ஆகையால் என்னைக் கேட்டால், முதலில் பம்பு, அடுத்துப் பின் அச்சுக்கு ஒரு பூட்டு, அதற்கும் பிறகு, உண்மையில் அச்சு கல்லில் தட்டுகிறது என்பது அநுபவத்தில் தெரிந்தால் மாத்திரம், விட்டத்தில் இரண்டங்குலத்துக்கு மேல் கூடாத பெரிய டயர் என்ற வரிசையில்தான் செல்வேன். தெருவில் நாம் காணும் பெரும்பாலான வாகனங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது; டயர் முதலில் வருகிறது, ஏனெனில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவது டயர்தான்; பூட்டு டிபரன்ஷியல் உருண்டைக்குள் ஒளிந்துகிடப்பது.

கடைசியாக ஒரு விஷயம். ருபிகான் தடத்துக்குரிய தேசத்துச் சட்டம் வேறு, நம்முடையது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வியாக்கியானம் செய்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய டயரைக் கழற்றிப் பரணில் போடும் துர்ப்பாக்கியம் நேராதிருக்க, பட்டறைக்குப் போவதற்கு முன் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள்.